வாச்சாத்தி கற்பிக்கும் எதிர்நோக்கு

விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் ஆகிய மூன்றையும் தேவ சம்பந்தமான புண்ணியங்கள் என்று நம் பாட்டன் பாட்டியர் மனப்பாடம் செய்தனர். 1995ஆம் ஆண்டு திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தபின், விசுவாசம் இருந்த இடத்தில் நம்பிக்கை அமர்ந்தது. நம்பிக்கை இருந்த இடத்திற்கு எதிர்நோக்கு என்ற சொல் வந்து சேர்ந்தது. முதியோர் பலருக்கு அது இன்றும் நாவில் முழுதும் படியாத சொல்லே. ஆயினும் ஆராய்ந்து பார்த்தால் அதனுள் ஆழமான பொருள் உண்டு. எதிரே நோக்குவது எதிர்நோக்கு. வரப்போகும் நன்மையை நோக்குவது மட்டுமன்று, எதிரே நிற்கும் தீமையைக் கண் தாழ்த்தாமல் நோக்குவதும் அச்சொல்லுக்குள் அடங்கும்.

2025ஆம் யூபிலி ஆண்டை, "எதிர்நோக்கின் திருப்பயணிகள்" என்னும் கருத்தில் கொண்டாடுமாறு திருத்தந்தை பிரான்சிஸ் நம்மை அழைத்தார். அந்த அழைப்புக்கு அடித்தளமாக அவர் எடுத்துக்கொண்டது, உரோமையருக்குத் திருத்தூதர் பவுல் எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம். துன்பத்திலிருந்து மனஉறுதி பிறக்கிறது, மனஉறுதியிலிருந்து தகைமை பிறக்கிறது, அதிலிருந்தே எதிர்நோக்கு பிறக்கிறது என்பது பவுலடியார் காட்டும் வரிசை. எதிர்நோக்கை அவர் தொடக்கத்தில் வைக்கவில்லை, இறுதியில் வைத்தார். துன்பத்தின் வழியே நெடுந்தொலைவு நடந்தவர்க்கே அது கைகூடும் என்பது அவர் கருத்து.

இவ்வரிசையை விளங்கிக்கொள்ள நாம் வேற்று நாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. அதியமானும் ஒளவையும் வாழ்ந்த தகடூர் மண்ணாகிய தருமபுரி மாவட்டத்திலேயே அதற்குச் சான்றாக ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் வாச்சாத்தி.

சித்தேரி மலையடிவாரம்

அரூரை அடுத்து, சித்தேரி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் வாச்சாத்தி. அங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கண்டு இவர்களைக் கேரளத்தவர் என்று எண்ணலாகாது. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் வாழும் இம்மக்கள், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்று வழிவழியாகக் கூறி வருகின்றனர். தமிழே இவர்தம் தாய்மொழி. புன்செய்ப் பயிர், ஆடு மாடு, காட்டு விளைபொருள் ஆகியவற்றை நம்பிய எளிய வாழ்வு இவர்களுடையது.

அக்காட்டின் வளமே அவர்களுக்குக் கேடாயிற்று. சித்தேரி மலையில் சந்தன மரங்கள் வளர்ந்திருந்தன. சந்தனம் வெட்டிக் கடத்திப் பெரும்பொருள் ஈட்டியவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். கூலிக்கு வெட்டியதாகவும் சுமந்ததாகவும் பழி சுமந்தவர்கள் மலையடிவாரத்து ஏழைகள். 1990களின் தொடக்கத்தில் வீரப்பனைத் தேடும் வேட்டை உச்சத்தில் இருந்தது. காட்டோரத்து ஊர் ஒவ்வொன்றும் ஐயத்திற்கு உரியதாகவே பார்க்கப்பட்டது. காக்கிச் சீருடையைக் கண்டாலே மக்கள் மலையேறி ஒளியும் நிலை உருவாயிற்று.

1992 ஜூன் 20

1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், கடத்தல் சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறிக்கொண்டு ஒரு பெரும்படை வாச்சாத்திக்குள் நுழைந்தது. வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர் என மொத்தம் 269 அரசு ஊழியர்கள். ஆடவர் பலர் அஞ்சி மலைக்கு ஓடிவிட்டனர். ஊரில் எஞ்சியோர் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. அவர்களை வீடுகளிலிருந்து இழுத்து வந்து ஆலமரத்தடியில் கூட்டி அடித்தனர்.

அக்கூட்டத்திலிருந்து இளம்பெண்கள் 18 பேரைப் பிரித்தனர். ஏரிப் பக்கம் மறைத்து வைத்துள்ள கட்டைகளைக் காட்டுங்கள் என்று கூறி அவர்களை அழைத்துச் சென்றனர். அங்கே அவர்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். அவர்களுள் பள்ளிச் சிறுமியும் இருந்தாள். இதற்கு மேல் இதனை விரித்து எழுத நாம் விரும்பவில்லை. அப்பெண்களின் பெயர்களையும் இங்கே குறிக்கவில்லை. நடந்ததை அவர்கள் தம் வாயால் நீதிமன்றத்தில் கூறிவிட்டனர், அது போதும்.

அன்றிரவு அவர்கள் அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைக்கப்பட்டனர். அங்கும் இழிவுகள் தொடர்ந்தன. ஊர்ப் பெரியவரைத் துடைப்பத்தால் அடிக்குமாறு அப்பெண்களையே கட்டாயப்படுத்தினர். ஒரு சமூகத்தின் உடலைத் தாக்கியதோடு அமையாமல், அது தலைவணங்கும் உறவையும் முறையையும் சிதைக்கும் எண்ணம் இச்செயலில் வெளிப்படுகிறது. இதற்கிடையே ஊரில் வீடுகள் இடிக்கப்பட்டன. தட்டுமுட்டுப் பொருள்கள் நொறுக்கப்பட்டன. ஆடும் கோழியும் சூறையாடப்பட்டன. தானியத்தில் கண்ணாடித் துண்டுகள் கலக்கப்பட்டன. குடிநீர்க் கிணறு எண்ணெய் ஊற்றிப் பாழாக்கப்பட்டது. திரும்பி வந்தாலும் உண்ணவும் பருகவும் ஒன்றும் இருத்தலாகாது என்பதே நோக்கம்.

பின்னர் 133 பேர் சேலம் நடுவண் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெண்கள் 90 பேர், குழந்தைகள் 28 பேர், ஆடவர் 15 பேர். துன்புற்றோர் குற்றவாளிகளாயினர், துன்புறுத்தியோர் சட்டத்தின் காவலராகவே தொடர்ந்தனர்.

மௌனம் உடைந்த விதம்

நடந்ததை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்ற மிரட்டல் அப்பெண்களின் நாவைக் கட்டியிருந்தது. வாச்சாத்தியில் சொல்லுதற்கு ஆள் இல்லை; ஊரே வெறிச்சோடிக் கிடந்தது. 1992 ஜூலையில் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தைச் சேர்ந்தோர் அங்குச் சென்றபோதுதான், பாழடைந்த அவ்வூரின் நிலை வெளியுலகிற்குத் தெரிய வந்தது. அச்சங்கத்தின் தலைவருள் ஒருவரான பெ. சண்முகம், பிற்காலத்தில் தம் கட்சியின் மாநிலச் செயலாளரானவர், இவ்வழக்கைத் தொடக்கமுதல் சுமந்தவர்களுள் ஒருவர். மார்க்சிஸ்ட் கட்சியின் அந்நாளைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார்.

அரசுத் தரப்பு யாவற்றையும் மறுத்தது. கடத்தலில் ஈடுபட்டோர் தப்பிக்கப் புனைந்த கதை என்று கூறப்பட்டது. பொறுப்பான பதவியில் உள்ளோர் இப்படிச் செய்திருப்பாரோ என்ற ஐயம் கற்றறிந்தோரிடையிலும் எழுந்தது. இவ்வேளையில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கான தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநர் பாமதி நேரில் ஆய்ந்து அளித்த அறிக்கை, மக்கள் கூற்றில் உண்மை உண்டு என்பதை நிறுவியது. 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் இவ்வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 1996இல் 269 பேர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது.

இங்கு ஒரு செய்தியை நாம் நிறுத்தி நோக்க வேண்டும். புலன்விசாரணையின்போது அடையாள அணிவகுப்பு நடைபெற்றது. அணிவகுப்பு என்றால் என்ன? சந்தேகத்திற்கு உரியோரை வரிசையாக நிறுத்துவார்கள். பாதிக்கப்பட்டவர் அவ்வரிசையின் எதிரே நடந்து, முகம் முகமாய்ப் பார்த்து, இவன்தான் என்று காட்ட வேண்டும். எழுதப் படிக்க அறியாத ஒரு மலைப்பெண், தன்னைச் சிதைத்தவனின் எதிரே நின்று, அவன் கண்ணை நோக்கிக் கை நீட்டினாள். எதிர்நோக்கு என்ற சொல்லுக்கு இதைவிட நேரான விளக்கத்தை நாம் அறியோம்.

இரு தீர்ப்புகள்

அதன்பின் ஆண்டுகள் உருண்டன. வழக்குத் தள்ளிவைக்கப்பட்ட நாள்கள் எத்தனையோ. நீதிமன்றம் சென்று வர ஒரு நாள் கூலி போயிற்று. ஒவ்வொரு முறையும் பழைய காயம் கிளறப்பட்டது. வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று, இதே மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியருகே சுட்டுக் கொல்லப்பட்டார். எவரைத் தேடி ஊர் அழிக்கப்பட்டதோ, அவர் கதை முடிந்த பின்னும் ஊரின் வழக்கு முடியவில்லை.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேருள் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று நீதிபதி குமரகுரு அறிவித்தார். வனத்துறையினர் 126 பேர், காவல்துறையினர் 84 பேர், வருவாய்த்துறையினர் 5 பேர்; அவர்களுள் இந்திய வனப் பணி அதிகாரிகள் நால்வரும் அடங்குவர். பாலியல் வன்கொடுமைக் குற்றத்திற்காக 12 பேருக்குப் பத்தாண்டும் 5 பேருக்கு ஏழாண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஏனையோர் பல்வேறு கால அளவில் தண்டனை பெற்றனர். ஒரே வழக்கில் இத்தனை அரசு ஊழியர், ஒருவரும் விடுபடாமல் தண்டிக்கப்பட்டது நம் நாட்டின் நீதி வரலாற்றில் அரிதினும் அரிது.

ஆயினும் அதுவும் முடிவாகவில்லை. தண்டிக்கப்பட்டோர் மேல்முறையீடு செய்தனர். மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் சென்று இடங்களைப் பார்வையிட்டு, மக்களிடம் பேசினார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து பெறவும் ஆணையிட்டார். அவர்களுக்கோ அவர்தம் குடும்பத்தினர்க்கோ வாழ்வாதாரம் அமைத்துத் தரவும் பணித்தார். அக்காலத்து மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்குமாறும் கூறினார். உண்மையான கடத்தல்காரர்களைக் காக்கும் பொருட்டு ஏழை மக்கள் பலியாக்கப்பட்டனர் என்பதை அத்தீர்ப்பு வெளிப்படையாக உரைத்தது.

இரு தீர்ப்புகளும் செப்டம்பர் 29 அன்றே வந்தன. அந்நாள் அதிதூதர்கள் மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகியோரின் திருவிழா. இதில் அற்புதம் தேடவேண்டியதில்லை; நீதிமன்றம் திருவழிபாட்டு நாள்காட்டியைப் பார்த்துத் தேதி குறிப்பதில்லை. எனினும் தீமையோடு போரிடும் மிக்கேலையும், நற்செய்தி கொணர்ந்த கபிரியேலையும், குணமளிக்கும் இரபேலையும் நாம் வணங்கும் அந்நாள், இனி ஆண்டுதோறும் வாச்சாத்தியையும் நமக்கு நினைவூட்டினால் நன்று.

ஓயாத கைம்பெண்

லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில், நேர்மையற்ற நடுவரையும் கைம்பெண்ணையும் பற்றிய உவமை வருகிறது. ஆண்டின் பொதுக்காலத்தில் நாம் பலமுறை கேட்ட வாசகம் இது. மன்றாட்டில் மனந்தளரக்கூடாது என்பதற்காக இயேசு இதனைச் சொன்னார் என்று நற்செய்தியாளரே முன்னுரை தருகிறார். ஆதலால் செபமாலை விடாது சொல்லவேண்டும், நவநாள் நடுவில் நிறுத்தக்கூடாது என்ற அறிவுரையோடு நாம் அமைந்துவிடுகிறோம். அவை நல்லவையே. ஆனால் உவமையில் வரும் பெண் என்ன செய்தாள்? அவள் வீட்டில் அமர்ந்து கண்ணீர் வடிக்கவில்லை. கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத ஒரு நடுவரின் வாயிலுக்கு நாள்தோறும் நடந்தாள். தன் எதிரியிடமிருந்து தனக்கு நீதி வேண்டும் என்ற ஒன்றையே திரும்பத் திரும்பக் கூறினாள். அந்த நடையைத்தான் ஆண்டவர் மன்றாட்டுக்கு எடுத்துக்காட்டாகத் தந்தார்.

ஆகவே நீதி கேட்டு நடப்பதும் மன்றாட்டே என்று கொள்ளலாம். அந்த உவமையின் இறுதியில், மானிட மகன் வரும்போது மண்ணுலகில் நம்பிக்கையைக் காண்பாரோ என்று இயேசு வினவுகிறார். தளராமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கைம்பெண்ணின் கதை முடிந்த கையோடு எழும் வினா அது. அவர் தேடும் நம்பிக்கையின் இயல்பு யாது என்பதை அதிலிருந்தே உணரலாம்.

வாச்சாத்திப் பெண்களிடமும் இருந்தது ஒரே வாக்கியம்தான். ஆணையத்தின் முன் கூறியதையே புலனாய்வாளரிடம் கூறினர். அவர்களிடம் கூறியதையே அமர்வு நீதிமன்றத்தில் கூறினர். முப்பதாண்டு கழித்து ஊருக்கு வந்த நீதிபதியிடமும் கூறினர். அவர்களுக்கு எதிரே பதவி இருந்தது, பணம் இருந்தது, கோப்புகள் இருந்தன. அவர்களிடம் மாறாத ஓர் உண்மை மட்டுமே இருந்தது.

தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்துச் சூசன்னாவையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். மக்களின் நடுவராய் விளங்கிய முதியோர் இருவர், தம் இச்சைக்கு இணங்காத பெண்மீது பழி சுமத்தினர். பதவியில் இருந்தோர் சொன்னதால் சபையும் அதை நம்பிற்று. அவளுக்காக ஓர் இளைஞன் குரல் எழுப்பும்வரை, அவள் சாவை நோக்கியே நடத்தப்பட்டாள். பதவியில் இருப்பவர் பொய் சொல்லமாட்டார் என்ற எளிய எண்ணம் எவ்வளவு கொடியது என்பதைத் திருவிவிலியம் அன்றே எழுதி வைத்திருக்கிறது.

உவமையின் கைம்பெண் தனியள். வாச்சாத்திப் பெண்கள் அவ்வகையில் சற்றுப் பேறு பெற்றவர்கள். அவர்கள் பதினெண்மர் இருந்தனர், அவர்களோடு பிறரும் நடந்தனர். சங்கத்தார், வழக்கறிஞர், நேர்மை தவறாத அதிகாரிகள் எனப் பலர் துணைநின்றனர். அவர்களுள் கடவுளை நம்பாதவர்களும் உண்டு. தூய ஆவியார் தாம் விரும்பிய திசையில் வீசுகிறார் என்பதை நாம் வாயளவில் ஏற்றுக்கொள்கிறோம். பசியுற்றோர்க்கு உணவளித்தோரும் சிறையில் இருந்தோரைக் காணச் சென்றோரும், தாம் யாருக்கு அதைச் செய்தோம் என்று அறியாதவராய் இருந்தனர் என்று மத்தேயு நற்செய்தி கூறுவதையும் சேர்த்து எண்ணினால், இவ்வுண்மை தெளிவாகும்.

பொறுமை வேறு, எதிர்நோக்கு வேறு

இங்கே ஒரு வினா எழுகிறது. முப்பத்தோராண்டு கழித்துக் கிடைத்த நீதியைக் காட்டி எதிர்நோக்கு வென்றது என்று நாம் கூறலாமா? வழக்கு முடியுமுன் இறந்துபோனவர்களுக்கு என்ன விடை? இளமையை இழந்தவர்க்குப் பத்து இலட்சம் ரூபாய் ஈடாகுமா? இவ்வினாக்களை மழுப்புவது அவர்களுக்கு நாம் இழைக்கும் மற்றொரு தீங்காகும்.

ஏழைகளிடம் பொறுமையைப் பேசுவது எளிது. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்ற சொல், உண்மையான விசுவாசத்திலிருந்தும் வரலாம். தொல்லை வேண்டாம் என்ற அச்சத்திலிருந்தும் வரலாம். இரண்டும் ஒரே சொல்லாய் ஒலிப்பதால் வேறுபாடு தெரிவதில்லை. அடங்கிக் கிடப்பதற்குச் சமயத்தின் பெயரைச் சூட்டினால் அது எதிர்நோக்கு ஆகிவிடாது. வாச்சாத்திப் பெண்கள் காத்திருந்தார்கள், உண்மையே. ஆனால் கேட்டுக்கொண்டே காத்திருந்தார்கள்.

பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்புக்கும் இடையே ஒரு சனிக்கிழமை இருக்கிறது. அன்று பகலில் திருப்பலி இல்லை. பீடம் வெறுமையாய் இருக்கும். கல்லறைக்குள் என்ன நிகழ்கிறது என்று அன்று எவரும் அறியார். மரியாவும் மற்றப் பெண்களும் அந்நாளைக் கடந்தே ஆகவேண்டியிருந்தது. மறுநாள் விடியுமுன் நறுமணப் பொருள்களோடு கல்லறைக்குச் சென்றோர் அப்பெண்களே. கல்லை யார் புரட்டுவார் என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை. விடை தெரியாமலே நடந்தார்கள். உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்க்குத் தோன்றியபோது, அவர் உடலில் காயங்கள் மறைந்திருக்கவில்லை. தோமா தொட்டுப் பார்க்கும்படி அவை இருந்தன. கடவுள் அளிக்கும் வெற்றி காயங்களை அழித்துவிடுவதில்லை. அவற்றைச் சான்றாக மாற்றுகிறது.

கடல்கடந்த ஒரு சான்று

நடு அமெரிக்காவின் எல் சால்வதோர் நாட்டை, புனித ஆஸ்கர் ரொமேரோவின் பெயரால் நாம் அறிவோம். ஏழைகளுக்காகப் பேசிய அப்பேராயர் 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றும்போது சுடப்பட்டார். 2018இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் இறந்த மறு ஆண்டு, 1981 டிசம்பரில், எல் மொசோத்தே என்னும் சிற்றூரிலும் சுற்றுப்புறத்திலும் அந்நாட்டுப் படையினர் ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொன்றனர். அவர்களுள் குழந்தைகள் மிகப் பலர். ரூபினா அமாயா என்னும் பெண் மரங்களிடையே ஒளிந்து உயிர்தப்பினார். தம் மக்களின் குரலை அங்கிருந்தே கேட்டார்.

அவர் கண்டதைச் சொன்னார். அவர் நாட்டு அரசும், அதற்குத் துணைநின்ற அமெரிக்க அரசும் அதை மறுத்தன. பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். 1992இல், வாச்சாத்தி அழிக்கப்பட்ட அதே ஆண்டில், அங்கு மண்ணைத் தோண்டியபோது குழந்தைகளின் எலும்புகள் வெளிப்பட்டன. 1993இல் ஐக்கிய நாடுகளின் உண்மை அறியும் ஆணையம் அவர் கூற்றை உறுதிசெய்தது. ரூபினா 2007இல் மறைந்தார். 2012இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் எல் சால்வதோர் அரசைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. 1990இல் அம்மக்கள் வழக்குத் தொடுத்தபோது துணைநின்றது சான் சால்வதோர் உயர்மறைமாவட்டத்தின் சட்ட உதவி அலுவலகம். அவர்கள் செய்தது பெரும் முழக்கமன்று. வருவோர் சொல்வதைக் கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள், எழுதியதைப் பாதுகாத்தார்கள். மறுக்கப்படும் உண்மைக்கு ஒரு பதிவேடு எத்துணை வலிமை தரும் என்பதற்கு அது சான்று.

ஆறாத பிற காயங்கள்

தருமபுரியின் துயரம் வாச்சாத்தியோடு முடிந்துவிடவில்லை. 2000 பிப்ரவரி 2 அன்று, தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியர் சென்ற பேருந்து அரசியல் வெறியரால் கொளுத்தப்பட்டது. மாணவியர் மூவர் வெந்து மடிந்தனர். குற்றவாளிகள் மூவருக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை 2016இல் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 2018இல் அவர்கள் விடுதலை பெற்றனர். உயிரின் மாண்பைப் போற்றும் திருச்சபை மரணதண்டனையை ஏற்பதில்லை. ஆயினும் மகளை அனுப்பிவிட்டு வழி பார்த்திருந்த பெற்றோரின் துயரம் எந்த ஆணையாலும் முடிவதில்லை.

2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியிலும் அருகிலுள்ள குடியிருப்புகளிலும் தலித் மக்களின் வீடுகள் 250க்கும் மேற்பட்டவை சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. சாதி கடந்த ஒரு காதல் மணம் அதற்குக் காரணமாய்க் காட்டப்பட்டது. அங்கு வந்தவர்கள் சீருடை அணிந்தவர்கள் அல்லர், சுற்றுப்புற ஊரார். வன்முறை எப்போதும் மேலிருந்தே வரும் என்று எண்ணி நாம் ஆறுதல் கொள்ள முடியாது. அது அண்டை வீட்டிலும் பிறக்கும். ஒரே பீடத்தில் நற்கருணை உட்கொள்ளும் நம்மிடையிலும் சாதி ஒழிந்துவிடவில்லை என்பதை மனத்தில் கொண்டே இதனை எழுதுகிறோம்.

நமக்குரிய பணி

சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து, 1997 சனவரி 24 அன்று தருமபுரி மறைமாவட்டம் உருவானது. இன்று தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் அதன் பங்குகள் பரவியுள்ளன. நம் ஆலயங்களின் மணியோசை கேட்கும் தொலைவிலேயே மலைவாழ் மக்களின் ஊர்களும் இருக்கின்றன. வாச்சாத்தி மக்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்தம் துயரத்தை நம் மறையுரைக்கு அணியாக்கிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. அவர்களிடம் கற்றுக்கொள்ள மட்டுமே உரிமை உண்டு.

என்ன கற்கலாம்? வன்கொடுமைக்கு ஆளானவர் ஒருவர் நம்மிடம் வந்து பேசினால், முதலில் அவரை நம்பிக் கேட்கலாம். குடும்ப மானம் போய்விடும் என்று அவர் வாயை அடைக்காமல் இருக்கலாம். நீதிமன்றத்திற்கு நடப்பவருடன் ஒருவர் துணைக்குச் செல்லலாம். அன்றைய கூலியை அன்பியம் ஈடுசெய்யலாம். பங்கில் ஒரு பதிவேடு இருந்தால், நடந்ததை நாளும் இடமும் தவறாமல் எழுதி வைக்கலாம். இவை சிறியவை. ஆனால் முப்பத்தோராண்டு நடையும் இத்தகைய சிற்றடிகளால் ஆனதே.

விசுவாசிகளின் மன்றாட்டில் நீதிக்காகக் காத்திருப்போரை நினைவுகூரும்போது, அவர்களுக்குப் பொறுமை தாரும் என்று மட்டும் நாம் வேண்டாதிருப்போமாக. அவர்களுக்கு விரைவில் நீதி கிடைக்கவும், அந்நாள்வரை அவர்கள் தனியே நடக்காதிருக்கவும், அவர்களோடு நடக்கும் கால்களை நமக்குத் தரவும் ஆண்டவரை மன்றாடுவோம். மானிட மகன் மண்ணுலகில் தேடும் நம்பிக்கையை அந்த நடையில் அவர் காண்பார்.